ஏழில் ஒன்று

ஜூலை 14, திங்கள்

இப்படிக் குறிப்பு எழுதுவது பாலிடெக்னிக்கில் பழகியது. தேதி போட்டு வேலை, தடங்கல், மற்றவை. மூன்றே தலைப்பு. அதற்கு மேல் ஒரு நாளைப் பற்றி எழுத எதுவும் இருக்காது.

வேலை: கருக்கம்பாளையம் சந்தைத் திடலுக்கு வந்து சேர்ந்தேன். வையாபுரி என்பவருக்குக் குதிரை ராட்டினம் ஒன்று செய்து நிறுத்த வேண்டும். ஆடிப்பெருக்கன்று மாலை அது ஓட வேண்டும்.

தடங்கல்: பஸ். கோபியில் இறக்கிவிட்டு, "இதுக்கு மேல போவாதுங்க" என்றார் நடத்துநர். போர்டில் கருக்கம்பாளையம் என்றுதான் இருந்தது. சொன்னேன். "போர்டுல ஏறிப் போங்க" என்றார்.

மற்றவை: என்னை இங்கே அனுப்பியது வேலைக்காக இல்லை, வாய்க்காக. போன வாரம் கோவையில் எங்கள் பட்டறைக்கு வந்த வாடிக்கையாளரிடம், அவருடைய வரைபடத்தைப் பழைய பேப்பர்காரன்கூட எடுக்க மாட்டான் என்று சொல்லிவிட்டேன். முதலாளி கூப்பிட்டார். "நவநீதா, நீ சொன்னது சரி. சொன்ன விதத்துக்கு மூணு வாரம் வெளியூர் போயிட்டு வா."

ஜூலை 15, செவ்வாய்

வேலை: அளவெடுத்தேன்.

தடங்கல்: ஏழு.

விளக்கமாக எழுத வேண்டியிருக்கிறது. வையாபுரியிடம் ஒரு பெரிய ராட்டினமும் ஒரு படகு ஊஞ்சலும் இரண்டு லாரியும் இருக்கின்றன. ஊர் ஊராகப் பண்டிகை பார்த்துப் போகிறவர். இந்தப் புதுக் குதிரை ராட்டினம் அவருக்கு இல்லை, மகளுக்கு. பெயர் துளசிமணி. பள்ளி விடுமுறையில் டிக்கெட் கிழிக்க உட்கார்ந்தவள், பி.காம் முடித்த பிறகும் அதே தகரக் கூண்டில்தான் உட்கார்ந்திருக்கிறாள். தனக்கென்று ஒன்று வேண்டும், தானே ஓட்டுவேன் என்று ரொம்ப நாளாகக் கேட்டுக்கொண்டிருந்தாளாம்.

என் முன்னாலேயே பேசிக்கொண்டார்கள்.

"இந்தத் தம்பிய வெச்சுக்கிட்டே சொல்லிப்போடறேன் அம்மிணி. பதினெட்டாம் பெருக்கு அன்னிக்குப் பொழுது விழுகறதுக்குள்ள இது சுத்தோணும். சுத்துச்சுன்னா உன்னுது, நான் கிட்ட வர மாட்டேன். இல்லீன்னா கம்பத்தப் புடுங்கிப்போட்டு அந்த எடத்துல டிராம்போலின் விரிச்சுப்போடுவேன். நீ கூண்டுக்குப் போயிரோணும். மறுக்கா இந்தப் பேச்சே எடுக்கப்படாது."

"எடுக்க மாட்டனுங்கப்பா."

சொல்லிவிட்டு என்னைப் பார்த்தாள். நான் வரைபடத்தை விரித்தேன். கம்பத்திலிருந்து நீளும் எட்டுக் கை, எட்டுக் குதிரை. கைக்குக் கை நாற்பத்தைந்து டிகிரி. சுத்தமான வேலை.

"ஏழுங்க" என்றாள்.

"எட்டுங்க."

"வாய்க்கா மேட்டுல எங்க கன்னிமாரு ஏழு பேருங்க. எங்கூட்ல எது சுத்துனாலும் ஏழுதானுங்க. நம்பலீன்னா அப்பாவோட ராட்டினத்துல போயி தொட்டிய எண்ணிப் பாருங்க."

போய் எண்ணினேன். பதினாலு.

திரும்பி வந்து பொறுமையாக (எனக்கு அது எவ்வளவு கஷ்டம் என்பது எனக்குத் தெரியும்) சொன்னேன். ஒரு வட்டத்துக்கு முந்நூற்று அறுபது டிகிரி. அதை ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து, ஆறு எல்லாமே மீதியில்லாமல் வகுக்கும். முதன்முதலில் வகுக்காமல் முரண்டு பிடிக்கிற எண் ஏழுதான். உலகத்தில் எத்தனையோ எண் இருக்க, ஒரு வட்டத்துக்கு இதையா பிடிப்பது?

"பாத்தீங்களா? அதனாலதானுங்க அது சாமி" என்றாள்.

வரைபடத்தைச் சுருட்டினேன்.

ஜூலை 16, புதன்

வேலை: இரும்பு வந்து இறங்கியது. வெல்டர் சாதிக் பாய் வந்தார். நாற்பது வயதுக்காரர், கை சுத்தம், வாய் ஓயாது.

தடங்கல்: இன்னும் ஏழு.

வாயால் சொன்னால் ஏறாது, செய்து காட்டினால்தான் எட்டுக்கு இறங்கி வருவாள் என்று நினைத்தேன். டீ நேரத்தில் தகரத் தட்டு ஒன்றை நிமிர்த்தி வைத்து, சுண்ணாம்புக் கட்டியால் ஒன்றை ஏழால் வகுக்க ஆரம்பித்தேன். ஒன்றில் ஏழு போகாது. புள்ளி வைத்துப் பத்தாக்கு. ஓரேழு ஏழு, மீதி மூன்று. முப்பதாக்கு. நாலேழு இருபத்தெட்டு, மீதி இரண்டு. இருபது, ஈரேழு பதினாலு, மீதி ஆறு. அறுபது, எட்டேழு ஐம்பத்தாறு, மீதி நான்கு. நாற்பது, ஐயேழு முப்பத்தைந்து, மீதி ஐந்து. ஐம்பது, ஏழேழு நாற்பத்தொன்பது, மீதி ஒன்று.

"இப்போ பாருங்க. ஆரம்பிச்ச இடத்துக்கே வந்தாச்சு. மறுபடியும் பத்து, முப்பது, இருபது. 0.142857, அதுக்கப்புறம் திரும்ப 142857, திரும்ப 142857. செத்தாலும் முடியாது. அதே எட்டுல ஒண்ணு எடுங்க. 0.125. மூணே இலக்கத்துல முடிஞ்சுது. மீதி பூஜ்யம். வீட்டுக்குப் போகலாம்."

வாதம் முடிந்தது என்று டீயை எடுத்தேன். அவள் தட்டைப் பார்த்துக்கொண்டே நின்றாள். திடீரென்று கையைத் தட்டினாள்.

"சுத்துது!"

"அதான் சொல்றேன். அதுதான் பிரச்சினை."

"இல்லீங்க, சுத்துது! ஒண்ணு, நாலு, ரெண்டு, எட்டு, அஞ்சு, ஏழு. மறுக்கா ஒண்ணு. இது ராட்டினமுங்க! எட்டு வெச்சா மூணு அடி போயி நின்னுபோகுது. நிக்கற ராட்டினத்துல எவன் ஏறுவான்?"

சாதிக் பாய் டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். "தம்பி, பாப்பா உங்க கத்தியப் புடுங்கி உங்களையே குத்திருச்சு."

அதோடு விட்டாளா? ஏழில் மூன்று போடச் சொன்னாள். 0.428571. "அதே வட்டமுங்க! நாலாம் நம்பர் குதிரையில ஏறியிருக்கான், அவ்வளவுதான்." ஏழில் இரண்டு. 0.285714. "இவன் ரெண்டுல ஏறியிருக்கான்." மூன்றில் ஒன்று, 0.333. "பாவம், ஒத்தக் குதிரை." ஆறில் ஒன்று, 0.1666. இதற்குக் கொஞ்சம் யோசித்தாள். "அந்த ஒண்ணு மட்டும் சுத்தலீங்களே?"

"சுத்தாது. ஆறுக்குள்ள ஒரு ரெண்டும் ஒரு மூணும் இருக்கு. ரெண்டோ அஞ்சோ மட்டும் இருந்தா முடிஞ்சுரும். வேற எது கலந்தாலும் சுத்தும். ரெண்டு வகையும் கலந்து இருந்தா முதல்ல கொஞ்சம் சுத்தாம நிக்கும், அப்புறம் சுத்தும்."

"அப்ப அந்த ஒண்ணு, டிக்கெட்டு வாங்கிப்போட்டு ஏறாம நிக்கறவனுங்க. எல்லா ஊர்லயும் ஒருத்தன் இருப்பான்."

டீ ஆறிவிட்டது. ஏழு என்று முடிவாகிவிட்டது.

மற்றவை: அந்தப் பெண்ணுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்தவர் யாரோ, வேலையை ஒழுங்காகச் செய்யவில்லை. செய்திருந்தால் இது எனக்கு மிச்சம் இருந்திருக்காது.

ஜூலை 17, வியாழன்

ஆடி ஒன்று. மழை. வேலை இல்லை. தட்டில் இருந்த கணக்கை யாரும் அழிக்கவில்லை. நானும் அழிக்கவில்லை.

ஜூலை 19, சனி

வேலை: நடுத்தட்டில் ஏழு கைகளுக்கும் இடம் குறித்தேன். கையைச் செருகுகிற சாக்கெட்டுகளை அந்தக் கோடுகளில் வைத்துப் பற்றவைக்க வேண்டும். தட்டு பெரியது, பட்டறை மெஷினில் ஏறாது. அதனால் கையிலேயே குறிக்க வேண்டியதுதான். என்னிடம் டிஜிட்டல் கோணமானி இருக்கிறது. இரண்டு எஃகுச் சட்டம், நடுவில் சின்னத் திரை. புள்ளிக்குப் பிறகு ஓர் இலக்கம் காட்டும்.

முந்நூற்று அறுபதை ஏழால் வகுத்தால் 51.428571, பிறகு அதே வாலாட்டம். 51.4 வைத்துக் குறித்தேன். அங்கிருந்து 51.4. அங்கிருந்து இன்னொரு 51.4.

துளசிமணி குதிரைகளுக்கு வண்ணம் அடித்துக்கொண்டிருந்தவள், கையில் தூரிகையோடு வந்து திரையை எட்டிப் பார்த்தாள்.

"ஏனுங்க, அம்பத்தி ஒண்ணு புள்ளி நாலுன்னா, அதுக்கப்பறம் வந்துதே ரெண்டு, எட்டு, அஞ்சு, அந்த மிச்சமெல்லாம்?"

"தூக்கிப் போட்டாச்சு."

"எங்க?"

"எங்கன்னா என்னங்க? அது டிகிரியில நூறுல மூணு பங்கு. கண்ணுக்கே தெரியாது."

"தெரியாட்டி இல்லீன்னு ஆயிருமுங்களா?"

இதற்கெல்லாம் பதில் சொல்லிக்கொண்டிருந்தால் ஆடி முடிந்து ஆவணி வந்துவிடும். வண்ணம் காய்கிறது, போய்ப் பாருங்கள் என்றேன். போய்விட்டாள். முகம் சுண்டியதா என்று கவனிக்கவில்லை. கொஞ்சம் சுண்டியிருந்தது.

ஜூலை 22, செவ்வாய்

வேலை: சாக்கெட் ஏழும் பற்றவைத்து முடிந்தது. கைகள் தயார், ஒவ்வொன்றும் மூன்று மீட்டர். கை முனைகளை ஒன்றோடொன்று சேர்க்கிற இணைப்புக் குழாய் ஏழும் ஒரே அளவில் வெட்டியாயிற்று.

தடங்கல்: இல்லை.

மற்றவை: குதிரைகளில் ஆறு, ஆறு வண்ணம். ஏழாவது வெள்ளை. சேணமும் வரையவில்லை. வண்ணம் தீர்ந்துவிட்டதா என்று கேட்டேன். சிரித்தாள். அது கடைசிக் கன்னியுடையதாம். எந்த ஊரில் ராட்டினம் நிறுத்தினாலும் முதல் சுற்றில் ஏழுக்கு ஆறு இருக்கையில்தான் ஆள். ஏழாவது காலியாகச் சுற்றும். இரண்டாம் சுற்றில் யார் வேண்டுமானாலும் ஏறலாம். அவர்கள் குடும்பத்து வழக்கம்.

அப்போதுதான் எனக்கு ஒன்று பிடிபட்டது. ஏழால் வகுக்கும்போது மீதி என்னவெல்லாம் வரலாம்? பூஜ்யம் முதல் ஆறு வரை, மொத்தம் ஏழு. பூஜ்யம் வந்தால் வகுத்தல் அங்கேயே நின்றுவிடும். ஏழில் ஒன்றை வகுக்கும்போது மற்ற ஆறு மீதியும் ஆளுக்கு ஒரு முறை வருகின்றன, பூஜ்யம் மட்டும் வருவதே இல்லை. அதனால்தான் ஆறு இலக்கம் சுற்றுகிறது. அந்த இருக்கை காலியாக இருப்பதால்தான் ராட்டினம் ஓடிக்கொண்டே இருக்கிறது.

அவளிடம் சொன்னேன். கேட்டுவிட்டு, தூரிகையைக் கீழே வைத்து, வெள்ளைக் குதிரையின் கழுத்தைத் தட்டிக் கொடுத்தாள். "இத, இந்த வழக்கத்த வெச்ச எங்க தாத்தனுக்கு யாரு சொல்லிக் குடுத்தாங்கன்னு தெரியலீங்களே" என்றாள்.

யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள், தற்செயல்தான் என்று விளக்கினேன். விளக்கியிருக்க வேண்டியதில்லை.

லாரியில் சாக்குப் போட்டு மூடிய பலகை ஒன்று இருக்கிறது. ஆணி தேடும்போது தொட்டேன். "பழைய போர்டு தம்பி, எடத்த அடைச்சுக்கிட்டுக் கெடக்குது" என்று வையாபுரி அவசரமாக வந்து நகர்த்தி வைத்தார்.

ஜூலை 24, வியாழன்

ஆடி அமாவாசை. திடலின் மறுகோடியில் சாயங்காலம் கும்மி ஒத்திகை. பண்டிகைக்கு ஆடுகிறார்களாம். துளசிமணியும் அதில் இருக்கிறாள். சத்தம் தாங்கவில்லை. முழுவதும் இருந்து பார்த்தேன்.

ஜூலை 26, சனி

வேலை: கம்பம் நிறுத்தி, நடுத்தட்டை ஏற்றி, ஏழு கைகளையும் செருகினோம். இணைப்புக் குழாய்களை மாட்ட ஆரம்பித்தோம். ஒன்று, இரண்டு, மூன்று. கொஞ்சம் இறுக்கம், சுத்தியலால் தட்டியதும் போல்ட் இறங்கியது. நான்கு, ஐந்து, ஆறு.

தடங்கல்: ஏழாவது எட்டவில்லை.

ஒரு சுண்டுவிரல் அகலம். குழாய் நுனிக்கும் துளைக்கும் நடுவே வானம் தெரிகிறது. இழுத்தோம், கயிறு கட்டி இழுத்தோம், வையாபுரி லாரியைக் கொண்டுவரவா என்றார். எட்டு மில்லிமீட்டர். இரும்புக்கு அது ஒரு ஊர் தூரம்.

வெல்டிங் சூட்டில் சாக்கெட் நகர்ந்திருக்கிறது என்று சாதிக் பாயிடம் சொன்னேன். நான் எப்படிச் சொல்வேன் என்பது தெரிந்ததுதான்.

"தம்பி, என் வெல்டிங் நகந்துச்சுன்னா என் மீசைய எடுத்தர்றேன்" என்றார். அவருக்கு மீசை இல்லை. ஆனால் சிரிக்கவில்லை.

துளசிமணி அந்த இடைவெளியில் விரலை வைத்துப் பார்த்தாள். விரல் சரியாகப் பொருந்தியது.

ஜூலை 27, ஞாயிறு

காலையில் முதல் வேலையாக ஒவ்வொரு கோணமாக அளந்தேன். 51.4. 51.4. 51.4. ஆறு இடத்தில் அதே. ஏழாவது இடத்தில் 51.6.

சாதிக் பாயின் வெல்டிங் ஒரு மயிரிழை நகரவில்லை. ஆறு முறை நான் தூக்கிப் போட்ட மிச்சம் எங்கும் போகவில்லை. எல்லாம் வரிசையில் நின்று கடைசிக் கையிடம் போய்ச் சேர்ந்திருக்கிறது. மூன்று மீட்டர் தள்ளிக் கை முனையில் பார்த்தால் எட்டு மில்லிமீட்டர்.

முதல் கோட்டிலிருந்தே ஒவ்வொன்றையும் அளந்திருந்தால் பிழை சேர்ந்திருக்காது. முதல் வருடப் பாடம். அதற்கு ஒவ்வொரு தடவையும் எழுந்து தட்டைச் சுற்றி வர வேண்டும். சோம்பல்பட்டேன்.

சாதிக் பாயிடம் போய் நின்றேன். "பாய், தப்பு என்னுதுதான்."

"மீச தப்பிச்சுது" என்றார். டீ வாங்கிக் கொடுத்தார். நான்தான் வாங்கிக் கொடுத்திருக்க வேண்டும்.

வையாபுரி அலட்டிக்கொள்ளவில்லை. "இதுக்கேன் தம்பி மூஞ்சியத் தொங்கப்போடறீங்க? ஏழாவது கொழாய எட்டு மில்லி நீளமா ஒண்ணு வெட்டிப் போடுங்க. எவன் வந்து அளக்கப் போறான்?"

நேற்று வரை நானும் அதைத்தான் சொல்லியிருப்பேன். ஆனால் துளசிமணி தலையை ஆட்டினாள்.

"ஆகாதுங்கப்பா. இது ஒரே எடத்துல நிக்கற பொருளா? ஊருக்கு ஊரு கழட்டி மாட்டறது. மழையில, சேத்துல, அவசரத்துல மாட்டறப்ப எந்தக் கொழா எங்கன்னு தேடிக்கிட்டு நிக்கோணுமா? உங்க ராட்டினத்துல அப்பிடியா வெச்சிருக்கறீங்க? எதையெடுத்தாலும் எங்க வேணா உக்காரோணும். அப்பத்தான் அது நம்ம பொருளு."

அவர் என்னைப் பார்த்தார். "இன்னும் ஒரு வாரந்தான் இருக்குது அம்மிணி. சொன்ன சொல்லு சொன்னதுதான்."

"தெரியுமுங்க."

அவள் என்னைத் திட்டியிருக்கலாம். 'எங்க போட்டீங்க மிச்சத்த?' என்று அன்றைக்குக் கேட்டவள். நினைவூட்டவே இல்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

ஜூலை 28, திங்கள்

ஏழு சாக்கெட்டுகளையும் கிரைண்டரால் அறுத்து எடுத்தோம். மறுபடி எப்படிக் குறிப்பது? 51.43 காட்டுகிற கருவி கோவையில் இருக்கிறது. 51.429 காட்டுவது எங்கேயோ இருக்கும். எதை வாங்கினாலும் அது ஓர் இடத்தில் நறுக்கும். நறுக்காத கருவி கிடையாது.

மாலையில் தலைவலி. கும்மிப் பக்கம் போனேன். கோணத்தைப் பற்றி யோசிக்கத்தான் போனேன்.

பெண்கள் கூட்டமாக நின்றார்கள். ஒருத்தி நெரிசலில் இடித்துக்கொண்டு, இன்னொருத்தி தனித்தீவாக. சொல்லிக் கொடுக்கிற அம்மா கத்தினார்: "கையப் புடிங்க! இழுத்து நில்லுங்க! நேரா நடுவுல வௌக்கப் பாருங்க!" எல்லோரும் கை கோத்து, பின்னால் சாய்ந்து, இழுத்தார்கள். அவ்வளவுதான். நெரிசல் தானாக விலகியது, தனித்தீவு தானாக உள்ளே வந்தது. அச்சு வார்த்தது போல ஒரு வட்டம். யாரும் அளக்கவில்லை. யாரும் வகுக்கவில்லை. துளசிமணி பச்சைச் சேலையில் எனக்கு எதிர்ப்பக்கம் சாய்ந்து நின்று, பக்கத்துப் பெண் சொன்ன எதற்கோ சிரித்துக்கொண்டிருந்தாள்.

நான் நடுவில் போய் நின்றுவிட்டேன்.

"யாருப்பா அது குறுக்கால?"

"ஒரு நிமிஷம், கையை விடாதீங்க! அப்படியே நில்லுங்க!" ஒவ்வொரு தோளாகப் பார்த்துக்கொண்டு சுற்றி வந்தேன். பிறகு அவளுக்கு முன்னால் வந்து நின்றுதான் கத்தினேன். "துளசி, வகுக்கவே வேண்டாம்!"

எல்லாரும் ஓவென்று சிரித்தார்கள். துளசிமணி என்று முழுப் பெயரைச் சொல்லியிருக்க வேண்டும்.

ஜூலை 29, செவ்வாய்

தடங்கல் இருந்தால் எழுதலாம். இல்லை.

நேற்று தோன்றியது இதுதான். இணைப்புக் குழாய் ஏழும் ஒரே நீளம். கை ஏழும் ஒரே நீளம். சாக்கெட்டின் பின்முனை நடுத்தட்டின் மையத்தில் உள்ள வளையத்தைத் தொட்டு நிற்கும், பக்கவாட்டில் மட்டும் நகரும். முதலில் கை கோத்து வட்டத்தை மூடிவிட வேண்டும். மூடிய பிறகு சாக்கெட்டைப் பற்றவைக்க வேண்டும். நான் செய்தது தலைகீழ்.

ஏழில் ஒன்று என்பது முடிவில்லாத எண் இல்லை. அது முழுசாக, கச்சிதமாக, ஏழில் ஒன்றாகத்தான் இருக்கிறது. அதைப் பத்து பத்தாக நறுக்கிப் பார்க்கிற ஆசை நமக்கு. வால் முளைத்தது நம் கத்தியால். பின்னத்தைப் பின்னமாக விட்டிருந்தால் அது யாரையும் தொந்தரவு செய்திருக்காது.

இதை அவளிடம் சொன்னேன். "அன்னிக்கே ஏழுன்னு சொன்னனுங்களே" என்றாள்.

ஜூலை 30, புதன்

தரையில் பலகை பரப்பி, நடுத்தட்டை வைத்து, கைகளைத் தளர்வாகச் செருகி, ஏழு குழாய்களையும் மாட்டினோம். ஏழாவது போல்ட்டை இறக்குகிற வேலையை அவளிடம் கொடுத்தேன். சுத்தியலைக்கூடக் கேட்கவில்லை. கட்டைவிரலால் அழுத்தினாள். உள்ளே போனது.

"அட!" என்று வையாபுரி சொன்னார். டிராம்போலின் விரிக்கப் போகிறவர் சொல்கிற 'அட' மாதிரி இல்லை.

பிறகு ஆளுக்கு ஒரு கை முனையைப் பிடித்து வெளியே இழுத்து உதறினோம். படகு ஊஞ்சல்காரர்களையும் கூப்பிட்டுக்கொண்டோம். வட்டம் ஒரு முறை முனகியது, உட்கார்ந்தது. சாதிக் பாய் சாக்கெட்டுகளில் புள்ளி வைத்துப் பற்றவைத்தார். எதிரெதிராக வைப்பதுதான் அவர் வழக்கம். ஏழில் எதிரெதிர் கிடையாது. ஒன்று விட்டு ஒன்றாக வைத்துக்கொண்டே போனார். இரண்டு சுற்றில் எல்லாம் முடிந்துவிட்டது. "இதுவும் நல்லாத்தான் இருக்குது" என்றார்.

ஆறிய பிறகு என் கோணமானியை எடுத்து அளந்தேன். 51.4. 51.4. ஏழு இடத்திலும் 51.4. கூட்டினால் 359.8. வட்டம் மூடியிருக்கிறது, கருவி மூடவில்லை என்கிறது. மிச்சம் 0.2 ஏழு பேரிடமும் பங்காகி, யாருக்கும் பாரமில்லாமல் எங்கேயோ இருக்கிறது. சத்தமாகச் சிரித்துவிட்டேன். துளசிமணி வந்து திரையைப் பார்த்தாள்.

"இப்ப எங்கீங்க மிச்சம்?"

"எல்லாரும் ஆளுக்குக் கொஞ்சம் வெச்சிருக்காங்க."

ஜூலை 31, வியாழன்

கழற்றினோம். குழாய்களை வேண்டுமென்றே கலைத்துப் போட்டாள். கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தாள். மாட்டினோம். எல்லாம் எங்கும் உட்கார்ந்தன. மறுபடி கழற்றச் சொன்னாள். எதற்கு என்றேன். "சும்மாதானுங்க, நல்லா இருக்குது" என்றாள். கழற்றினேன்.

ஆகஸ்ட் 1, வெள்ளி

மோட்டார், பேரிங், கியர் பெட்டி, பிரேக். குதிரைக்கு ஒரு மணல் மூட்டையாகக் கட்டி மதியம் வரை ஓட்டினேன். நிறுத்தி, ஒவ்வொரு போல்ட்டாகத் தட்டிப் பார்த்துவிட்டு மறுபடி ஓட்டினேன். ஆடவில்லை. முனகவில்லை. பிரேக் பிடிக்கிறதா என்று அவளையே ஓட்டி நிறுத்தப் பழக்கினேன். முதல் முறை குலுக்கி நிறுத்தினாள். அதன் பிறகு என்னைவிட மெதுவாக.

முதலாளி போன் செய்தார். "ஞாயித்துக்கிழமையோட முடியுதுல்ல? திங்கள் காலையில வந்துரு. அந்த வரைபடக்காரரே உன்னைத்தான் கேக்கறாரு." சரி என்றேன்.

அவள் பக்கத்தில்தான் இருந்தாள். "திங்கக்கெழமைங்களா?" என்றாள். ஆமாம் என்றேன். மூட்டைகளை அவிழ்த்துக்கொண்டிருந்தோம். ஒரு முடிச்சு அவளுக்கு ரொம்ப நேரமாக அவிழவில்லை.

ஆகஸ்ட் 3, ஞாயிறு. ஆடிப்பெருக்கு

ஊரே வாய்க்கால் மேட்டில் இருந்தது. கன்னிமார் ஏழு கல்லுக்கும் மஞ்சள் பூசி, பூச் சாத்தி, சித்ரான்னம் வைத்துவிட்டு, கூட்டம் அப்படியே திடலுக்கு இறங்கியது. வெயில் இன்னும் மிச்சமிருந்தது.

வையாபுரி வந்து கம்பத்தைச் சுற்றி நடந்தார். ஒரு குழாயைப் பிடித்துத் தொங்கிப் பார்த்தார். வானத்தைப் பார்த்தார். "பொழுது இருக்குது" என்றார்.

முதல் சுற்றுக்குக் கும்மிப் பெண்கள் ஆறு பேர் ஏறினார்கள். வெள்ளைக் குதிரை காலி. துளசிமணி மணியடித்து, சுவிட்சைப் போட்டாள். கிளம்பியது. நான் பேரிங்கைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆறு சேலைகள், நடுவில் ஒரு வெற்றுக் குதிரை, மறுபடி ஆறு சேலைகள். திடல் முழுக்கக் கைதட்டல். சாதிக் பாய் விசிலடித்தார். மிக நன்றாக அடிக்கிறார்.

அது சுற்றிக்கொண்டிருக்கும்போதே வையாபுரி லாரிக்குப் போய், அந்தப் பழைய போர்டைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்து, சாக்கை உருவினார். புது போர்டு. சிவப்பில் மஞ்சள் எழுத்து: 'துளசிமணி ஏழு குதிரை ராட்டினம்.' நான் அதைத் தொட்டது ஜூலை இருபத்திரண்டு. குழாய் எட்டாமல் போனதற்கெல்லாம் முன்பே மனுஷன் எழுதி வாங்கி வைத்திருக்கிறார்.

"அப்பா!"

"என்னத்தப் பாக்கறே? ஓட்டறப்ப முன்னாடி பாத்து ஓட்டோணும்" என்றார். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு டிக்கெட் கூண்டுக்குப் போய் உட்கார்ந்தார். இன்றைக்கு அவர்தான் கிழிக்கிறார்.

இரண்டாம் சுற்று. கூட்டம் முண்டியடித்து ஆறு குதிரையும் நிரம்பியது. வெள்ளைக் குதிரைக்கு இரண்டு பேர் ஓடி வந்தார்கள். அவள் கையை நீட்டித் தடுத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"ஏனுங்க இஞ்சினீயரு, ஏழாவது காலிங்க."

எனக்குச் சுற்றுகிற எதுவும் ஒத்துக்கொள்ளாது. பஸ்ஸில்கூட முன் இருக்கைதான். அதைச் சொன்னேன். டிப்ளமோதான், இஞ்சினீயர் இல்லை என்பதையும் சொன்னேன். போதாததற்கு அது பூஜ்யத்தின் இருக்கை, நான் உட்கார்ந்தால் ராட்டினம் நின்றுவிடும் என்றேன்.

"நிக்குதான்னு பாக்கலாம் வாங்க."

ஏறினேன். கும்மிக் கூட்டம் மொத்தமும் ஓவென்று கத்தியது. மணியடித்தாள். முதலில் அவள் முகம் வந்தது, பிறகு சாதிக் பாய், வாய்க்கால், தென்னை, பலூன், கூண்டுக்குள் வையாபுரி, மறுபடி அவள் முகம். வயிறு ஒன்றும் செய்யவில்லை. ஒவ்வொரு முறை அவளைக் கடக்கும்போதும், "நின்னுதுங்களா?" என்றாள். ஒவ்வொரு முறையும் "இல்லை" என்று கத்தினேன்.

"அம்மிணி, மணியடிச்சு நிறுத்து! வரிசை நிக்குது!" என்று கூண்டிலிருந்து குரல் வந்தது.

"என்ற ராட்டினமுங்கப்பா!" என்றாள். அடிக்கவில்லை.

ஆகஸ்ட் 4, திங்கள்

வேலை: கோவைக்குத் திரும்புவது.

தடங்கல்: எதுவும் இல்லை. பஸ் நேரத்துக்கு வந்தது. போர்டில் இருந்த ஊருக்கே போகிறது. முன் இருக்கையும் காலி.

மற்றவை: ஏறவில்லை. பேரிங்கை இன்னும் ஒரு வாரம் கவனிக்க வேண்டும் என்று முதலாளியிடம் சொல்லிவிட்டேன். பேரிங் நன்றாகத்தான் இருக்கிறது.